மறுக்கப்பட்டவன் ஏன் கெஞ்சுகிறான்? ஸ்பானியக் காதல் பாடல்களைப் பற்றி ஒரு விவாத இழை

வாசகர் கேள்வி, 2 மார்ச் 2024

ஆறு மாதமாக ஸ்பானிய மொழி படித்து வருகிறேன். காது பழகுவதற்காகப் பாடல்களைக் கேட்கத் தொடங்கினேன். எந்தப் பாடலை எடுத்தாலும், தன்னை விரும்பாத ஒருத்தியிடம் ஒருவன் கெஞ்சுகிறான், குடிக்கிறான், அழுகிறான், கடைசியில் அவளையே பழிக்கிறான். இவர்களுக்குத் தன்மானம் என்று ஒன்று இல்லையா? இதை மக்கள் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

3 மார்ச் 2024

எந்தப் பாடல்கள் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. மெக்சிகோவின் மரபிசை வகையான ரஞ்செராப் பாடல்கள் அவற்றில் இருந்திருந்தால், ஹோசே அல்ஃப்ரேதோ ஹிமேனெஸின் வரிகள் உங்கள் காதில் விழாமல் போயிருக்காது. 1926இல் குவானஹுவாத்தோ மாநிலத்துத் தோலோரெஸ் இதால்கோவில் பிறந்து, 1973இல் 47 வயதில் மறைந்தவர். இசைக்குறிப்பு எழுதப் படிக்கத் தெரியாதவர். மனத்தில் வந்த மெட்டைப் பாடியோ சீழ்க்கையடித்தோ காட்டுவார், ரூபென் ஃபுவெந்தெஸ் போன்ற இசையமைப்பாளர்கள் அதை, வயலினும் எக்காளமும் கிதாரும் வாசிக்கும் மரியாச்சிக் குழுவுக்கு ஏற்ப எழுதிக்கொள்வார்கள்.

அவருடைய புகழ்பெற்ற பாடல்களில் ஒன்றின் பெயர் 'எயா', அதாவது 'அவள்'. நீங்கள் சொல்லும் கெஞ்சல், குடி, கண்ணீர் மூன்றும் அதில் இருக்கின்றன. ஆனால் அதன் முதல் வரி 'மே கான்சே தெ ரோகார்லே' என்று தொடங்குகிறது. அவளிடம் கெஞ்சிக் களைத்துவிட்டேன் என்பது அதன் பொருள். வினைச்சொல் இறந்தகாலத்தில் இருப்பதைக் கவனியுங்கள். கெஞ்சியதெல்லாம் பாட்டு தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட்டது. எத்தனை நாள் கெஞ்சினான், எந்தச் சொற்களில் கெஞ்சினான் என்பதை அவன் நமக்குக் காட்டுவதே இல்லை. கெஞ்சி ஓய்ந்தபின், ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து, நடந்ததை நான்கு பேர் கேட்கச் சொல்கிறவனின் குரல் அது. தன்மானம் இல்லாதவனுக்கு அப்படிச் சபையில் சொல்ல வராது என்றே நான் நினைக்கிறேன்.

அவள் அவன் பேச்சைக் கேட்க மறுக்கிறாள். உதடு திறந்ததே 'யா நோ தே கியெரோ', அதாவது 'இனி உன்னை நான் விரும்பவில்லை' என்று சொல்வதற்காகத்தான் என்கிறான். அந்த நான்கு சொற்களைச் சொல்லிவிட்டு அவள் போய்விடுகிறாள். அதற்குமேல் பாட்டில் அவளுக்கு வேலை இல்லை.

3 மார்ச் 2024, இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். மறப்பதற்காக ஹலிஸ்கோ மாநிலத்துப் பாணியில், மரியாச்சி இசையையும் டெக்கீலாவையும் அவன் நாடுகிறான். அந்த இசையும் அந்த மதுவுமே தன்னை அழவைத்தன என்கிறான். 2016 முதல் மூன்று ஆண்டுகள் நான் வேலை பார்த்த குவாதலஹாரா, அந்த ஹலிஸ்கோவின் தலைநகரம். அங்கே இந்த வரி வரும்போது பாடுகிறவரோடு கடை முழுவதும் சேர்ந்து பாடும். மருந்தே நோயைக் கூட்டியதை ஊர்ப்பெருமையோடு பாடுகிற அந்தக் கூட்டத்தை நேரில் பார்க்காமல், மக்கள் ஏன் இதைக் கொண்டாடுகிறார்கள் என்ற உங்கள் கேள்விக்கு என்னால் முழு விடை தந்துவிட முடியாது.

6 மார்ச் 2024

மேலே ஒரு நண்பர், நான் மதுக்கடை என்று எழுதியதை மறுத்திருக்கிறார். அவர் சொல்வது சரி. பாட்டில் 'கந்தினா' என்ற சொல்லே கிடையாது. அது என் மனத்திலிருந்து புகுந்தது. 1950ஆம் ஆண்டையொட்டிப் பரவிய பாடல் அது. அக்காலத்துக் கந்தினாக்களின் வாயிலில் பெண்களுக்கும், சிறுவர்களுக்கும், சீருடை அணிந்தவர்களுக்கும் அனுமதி இல்லை என்ற பலகை தொங்கும். மெக்சிகோ நகரத்தில் அந்தத் தடை 1980களின் தொடக்கம்வரை நீடித்தது. அவன் கோப்பையை உயர்த்தி அவளோடு சேர்ந்து அருந்துகிறான் என்று பாட்டு சொல்கிறது. ஆகவே அது பெண்களும் வந்து அமரக்கூடிய இடமாகத்தான் இருந்திருக்க வேண்டும். இதை இத்தனை ஆண்டுகளாக யோசிக்காமல் கேட்டு வந்திருக்கிறேன்.

அதே நண்பரின் இரண்டாவது மறுப்பு இன்னும் முக்கியமானது. 'யா நோ தே கியெரோ' என்பதில் முதலில் நிற்கும் 'யா' என்ற சிறு சொல், முன்பு விரும்பினேன், இனி இல்லை என்ற பொருளைத் தருகிறது. அப்படியானால் இதை எப்படி ஒருதலைக் காதல் என்பது? ஒரு காலத்தில் இருதலையாக இருந்து, ஒரு தலை விலகிக்கொண்ட காதல் இது. ஸ்பானிய மொழியில் இதற்குத் 'தெசமோர்' என்று தனிப் பெயரே உண்டு: அன்பு அற்றுப்போன நிலை. தொடக்கம் முதலே பதில் கிடைக்காத அன்புக்கு 'அமோர் நோ கோரெஸ்போந்தீதோ' என்று பெயர். கடிதப் போக்குவரத்தைக் குறிக்கும் 'கோரெஸ்போந்தென்சியா' அதே வேரிலிருந்து வருவதால், அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் பதில் எழுதப்படாத கடிதம் ஒன்று என் நினைவுக்கு வரும்.

இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசியது என் தவறு. ஏன் கலந்தேன் என்பதும் எனக்குத் தெரியும். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

11 மார்ச் 2024

'கியெரோ' என்பதன் மூலவினை 'கெரேர்'. தேடுதல் என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்த இச்சொல்லுக்கு ஸ்பானிய மொழியில் இரண்டு வேலைகள். கடைக்காரரிடம் ரொட்டி வேண்டும் என்பதற்கும் இதுதான், ஒருவர்மீது அன்பு இருக்கிறது என்பதற்கும் இதுதான். 'தே கியெரோ' என்று தாய் மகனிடம் சொல்வாள், தோழி தோழியிடம் சொல்வாள், காதலியும் சொல்வாள். இதைவிடக் கனமான 'தே ஆமோ' தனியாக இருக்கிறது.

எங்கள் அலுவலகத்தில் உடன் வேலை பார்த்த ஒரு பெண், குறுஞ்செய்திகளின் இறுதியில் 'தே கியெரோ முச்சோ' என்று எழுதுவார். நான் அகராதியைப் பார்த்து மொழி கற்றவன். அகராதி அதற்கு 'உன்னை மிகவும் காதலிக்கிறேன்' என்றது. நான்கு மாதம் அந்த மூன்று சொற்களின்மேல் வீடு கட்டிக்கொண்டிருந்தேன். அவர் எழுதியது என்னவோ, நம் ஊரில் நெருங்கிய தோழி உரிமையோடு சொல்லும் அன்பின் அளவுதான்.

ஒரு மாலை, குவாதலஹாராவுக்கே உரிய ஹெரிகாயா என்ற இனிப்பை இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பால், முட்டை, இலவங்கப்பட்டை சேர்த்துச் செய்து, மேற்பரப்பு கருகும்வரை சுட்டெடுப்பார்கள். கருகிய அந்த ஆடையைக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கியபடியே என் மனத்தில் இருந்ததைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, 'தே கியெரோ முச்சோ, பெரோ நோ அசீ' என்றார். உன்மேல் எனக்கு மிகுந்த அன்பு உண்டு, ஆனால் இந்த விதமாக இல்லை.

அந்த வாக்கியத்தில் 'யா' இல்லை. பாட்டில் வருகிறவன் தன்னிடம் இருந்ததை இழந்தான். என்னிடம் இழப்பதற்கு ஒன்றும் இருந்திருக்கவில்லை. இருந்தும் அன்றிரவு முழுவதும் நான் கேட்டது 'எயா' பாட்டைத்தான். இரண்டையும் கலந்ததற்குக் காரணம் இதுவே.

12 மார்ச் 2024

அந்தப் பெண்ணின்மீது கோபம் வரவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். வரவில்லை. மொழியின்மீது சில நாள் கோபம் இருந்தது.

30 மார்ச் 2024

தொடக்கம் முதலே பதில் கிடைக்காத காதலுக்கு நல்ல பாடல் எது என்ற கேள்விக்கு மூன்று வாரமாக விடை தேடிக்கொண்டிருந்தேன். அது கண்முன்னேயே இருந்திருக்கிறது. 'மலகேன்யா சாலெரோசா', எல்பிதியோ ராமிரேஸ், பெத்ரோ கலிந்தோ ஆகியோரின் பெயர்களில் பதிவான வாபங்கோப் பாடல்.

வாபங்கோ, மெக்சிகோவின் வடகிழக்கில் உள்ள உவாஸ்தெக்கா நிலப்பகுதியின் இசை. ஒரு வயலின், ஹரானா என்ற சிறிய தந்திக்கருவி, வாபங்கெரா என்ற பெரிய கிதார், மூன்றே பேர். சான் லூயிஸ் போதொசி மாநிலத்தின் உவாஸ்தெக்காப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், நண்பரின் தங்கை திருமணத்தில் இதை முதன்முதலில் நேரில் கேட்டேன். வயலின்காரர் அறுபது வயதைக் கடந்தவர். வெயிலில் காய்ந்து கறுத்த முகம். 'மலகேன்யா' என்ற சொல் வந்ததும் அவர் குரல் நெஞ்சை விட்டுத் தலைக்குத் தாவி, பொய்க்குரலில் மெல்லிய கம்பிபோல நீண்டு நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவர் விடவில்லை. உவாஸ்தெக்காப் பாடல்களின் இலக்கணமே இந்தத் தாவல்தான் என்று பின்னர் அறிந்துகொண்டேன். எட்டாத ஒருத்தியின் பெயரைச் சொல்ல, தன் இயல்பான குரலுக்கு எட்டாத உயரத்துக்குப் போகவேண்டியிருக்கிறது.

அதன் பொருளைப் பாருங்கள். உன் கண்கள் என்னைப் பார்க்கத்தான் விரும்புகின்றன, இமைக்கக்கூட நீதான் விடுவதில்லை என்கிறான். ஏழை என்று என்னை இகழ்ந்தால் உன் பக்கம்தான் நியாயம் என்று ஒப்புக்கொள்கிறான். செல்வம் தருவதாகச் சொல்லமாட்டேன், என் ஏழ்மைக்கு ஈடாக என் நெஞ்சைத் தருகிறேன் என்கிறான். உன் உதடுகளை முத்தமிட 'கிசியேரா' என்கிறான். இதுவும் 'கெரேர்' வினைதான். ஆனால் வேண்டும் என்று கேட்காமல், கிடைத்தால் விரும்புவேன் என்று ஒதுங்கி நிற்கும் வடிவம். கடையில் மரியாதையாக ஒரு பொருளைக் கேட்பவரும் இதே வடிவத்தைத்தான் பயன்படுத்துவார்.

இதில் பழி எங்கே இருக்கிறது? தன்னை மறுப்பதற்கான காரணத்தையும் அவனே அவளுக்கு எடுத்துக்கொடுத்துவிடுகிறான்.

2 மே 2024

பழி இல்லாத ஒரு பாட்டைக் காட்டிவிட்டு மற்றவற்றை மறைப்பதாகக் குறை சொல்லியிருக்கிறார்கள். பழி சொல்லும் பாடல்கள் ஏராளம் உண்டு என்பதை மறுக்கமாட்டேன். கொலம்பியாவில் ஒரு வகைப் பாட்டுக்கே 'தெஸ்பெச்சோ' என்று பெயர். இகழப்பட்டதன் கசப்பைக் குறிக்கும் சொல் அது. தொமினிக்கக் குடியரசின் பச்சாத்தாவுக்கு முற்காலத்தில் கசப்பின் இசை என்ற பொருளில் 'மூசிகா தெ அமார்கே' என்று பெயர் இருந்தது. பாடுகிறவன் ஆண், கேட்டுக்கொண்டு பேசாமல் இருப்பவள் பெண் என்பதே பெரும்பாலான பாடல்களின் அமைப்பு. இது எனக்கும் உறுத்துகிறது.

அந்த அமைப்பை இரண்டு பேர் இரண்டு வழிகளில் உடைத்திருக்கிறார்கள். ஒருவர் சாவேலா வார்கஸ். 1919இல் கோஸ்தா ரிக்காவில் பிறந்து, இளம் வயதிலேயே மெக்சிகோவுக்கு வந்தவர். ஆண்கள் எழுதிய பாடல்களைப் பெண்கள் பாடும்போது 'அவள்' என்பதை 'அவன்' என்று மாற்றிக்கொள்வது வழக்கம், சாவேலா மாற்றவில்லை. ஒரு பெண்ணை நோக்கி ஒரு பெண்ணாகவே பாடினார். மரியாச்சியின் எக்காளங்களையும் வயலின்களையும் விலக்கிவிட்டுக் கிதாரை மட்டும் வைத்துக்கொண்டு, வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்து வைப்பதுபோலப் பாடினார். குடியால் நெடுங்காலம் மேடையை விட்டு விலகியிருந்து, 1990களின் தொடக்கத்தில் திரும்பி வந்தார். தோமாஸ் மெந்தெஸின் 'பலோமா நேக்ரா' பாட்டில், உன்னைச் சபிப்பதா உனக்காகத் தொழுவதா என்று தெரியவில்லை, தேடிப்போகவும் அஞ்சுகிறேன் என்ற இடத்தை அவர் குரலில் கேட்டுப்பாருங்கள். பழியும் வேண்டுதலும் ஒரே மூச்சில் வருகின்றன.

இன்னொன்று, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் வளர்ந்த அவெந்துரா குழு 2002இல் வெளியிட்ட 'ஒப்செசியோன்' என்ற பச்சாத்தா. தூக்கமில்லாமல் விடியற்காலை ஐந்து மணிக்குப் புலம்புகிறான் அவன். அவன் முறையீட்டுக்கு நடுவே பெண்குரல் ஒன்று புகுந்து, இது காதல் இல்லை, நீ உணர்வதற்குப் பெயர் வெறி என்று பதில் சொல்கிறது. எத்தனையோ பாடல்களில் பேசாமல் இருந்தவள் இதில் வாய் திறக்கிறாள். ஒருதலைக் காதலைப் பற்றிய விவாதத்தில் நியாயமான கட்சி அவளுடையதும்தான்.

2 மே 2024, பின்னிரவு

பதில் பேசாமல் இருப்பதுதான் உண்மையான தண்டனை என்பதை நேராகச் சொல்லும் பாட்டு ஒன்று உண்டு. தென்னமெரிக்காவில் உள்ள பெரு என்ற நாட்டின் தாக்னா நகரத்துக் கவிஞர் ஃபெதெரிக்கோ பார்ரேத்தோவின் கவிதைக்கு ரஃபாயெல் ஓத்தேரோ மெட்டமைத்த 'ஓதியாமே'. 'என்னை வெறு' என்பது அதன் பொருள். எக்குவதோரின் குவாயாகில் நகரத்தவரான ஹுலியோ ஹராமியோ பாடி அது கண்டம் முழுவதும் பரவியது. அளவில்லாமல், இரக்கமில்லாமல் என்னை வெறுத்துவிடு, அலட்சியத்தைவிட வெறுப்பே எனக்கு வேண்டும், ஏனென்றால் மறதி தரும் காயத்தைவிடப் பகை தரும் காயம் சிறியது என்று இறைஞ்சுகிறான். நேசித்ததைத்தான் ஒருவர் வெறுக்க முடியும் என்பது அவன் கடைசி வாதம். 'கெரீதோ' என்ற சொல்லில்தான் அந்த வாதம் நிற்கிறது. மீண்டும் அதே 'கெரேர்'.

அவன் தர்க்கம் எனக்கு ஒப்புதல் இல்லை. ஆனால் இந்தப் பாட்டைக் கேட்கும்போது, செய்தியை அனுப்பிவிட்டு, படித்ததற்கான அடையாளம் விழுந்ததையும் பதில் வராததையும் பார்த்தபடி கிடந்த இரவுகள் நினைவுக்கு வருகின்றன.

19 ஜூலை 2024

இரண்டு விளக்குகளைப் பற்றி எழுத வேண்டும்.

1917இல் கார்லோஸ் கார்தேல் இசைத்தட்டில் பாடிய 'மி நோச்செ திரிஸ்தே', புவெனோஸ் ஐரெஸின் டாங்கோ இசையில் கதை சொல்லும் பாடல் மரபைத் தொடங்கிவைத்தது. சாமுவேல் காஸ்த்ரியோத்தாவின் மெட்டுக்குப் பாஸ்குவால் கொந்தூர்சி எழுதிய வரிகள். விட்டுப் போனவளின் அறையில் ஒருவன் தனியாக இருக்கிறான். அவள் இருந்தபோது வாங்கியதுபோலவே மாத்தே பானத்தோடு சாப்பிட இன்னமும் பிஸ்கோத்து வாங்கி வருகிறான். அவள் திரும்பி வருவதாக எண்ணிக்கொள்ளக் கதவைச் சாத்தாமல் தூங்குகிறான். கிதார் அலமாரியில் தொங்குகிறது; கண்ணாடி அழுததுபோல மங்கியிருக்கிறது; அவன் சோக இரவுக்கு ஒளி தர அறையின் விளக்கு மறுக்கிறது.

ஹோசே அல்ஃப்ரேதோவின் 'கே தே வாயா போனீத்தோ' பாட்டில் விளக்கு நேர்மாறாக இருக்கிறது. எத்தனை விளக்குகளை நீ ஏற்றிவிட்டுப் போயிருக்கிறாய், அவற்றை எப்படி அணைப்பேன் என்று தெரியவில்லை என்கிறான். எரிய மறுக்கும் விளக்கைவிட அணையாத விளக்கு எனக்குக் கொடியதாகத் தோன்றுகிறது. இருட்டில் எப்படியாவது கண்ணை மூடிப் படுத்துவிடலாம்.

நான் குடியிருந்த வீட்டு அம்மாள், அவரைத் 'தோன்யா' என்று மரியாதையோடுதான் எல்லோரும் அழைப்பார்கள், துணிகளுக்கு இஸ்திரி போடும்போது இந்தப் பாட்டை முணுமுணுப்பார். அவருக்கு வயது எழுபதுக்கு மேல். இரவில் ஒவ்வொரு அறையாகப் போய் விளக்கை அணைப்பார், நடையில் உள்ள ஒன்றை மட்டும் விட்டுவிடுவார். ஏன் என்று கேட்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

இந்தப் பாட்டின் தொடக்கம் தமிழில் அழகாக வரும், ஏனென்றால் நம்மிடம் வியங்கோள் இருக்கிறது. நீ நலமாக இருப்பாயாக, உன் துயரங்கள் தீர்க, நான் இனி இல்லை என்று உன்னிடம் சொல்லப்படுக, என்னைவிட நல்லவர்களை நீ அறிவாயாக. எல்லாம் வாழ்த்தின் வடிவம். வாழ்த்துகளுக்கு நடுவே தன் இல்லாமையையும் ஒரு வாழ்த்தாகச் செருகிவிடுகிறான். 'ஓஹாலா' என்று அவன் தொடங்கும் சொல், ஸ்பெயினில் அரபு மொழி வழங்கிய காலத்திலிருந்து வந்தது. இறைவன் விரும்பினால் என்ற தொடரின் எச்சம்.

20 ஜூலை 2024

'தீர்க' என்பது ஏட்டு நடையாக இருக்கிறது, 'தீரட்டும்' என்று எழுதலாமே என்ற யோசனை சரி. பேசும் தமிழில் நெஞ்சு அடைக்கும்போது 'நல்லா இருக்கட்டும்' என்றுதான் சொல்கிறோம். மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

24 நவம்பர் 2024

நேற்று ஹோசே அல்ஃப்ரேதோவின் நினைவு நாள். 2018இல் தோலோரெஸ் இதால்கோவுக்குப் போய் அவர் கல்லறையைப் பார்த்திருக்கிறேன். பெரிய சோம்பிரேரோத் தொப்பி ஒன்று; அதன் அருகில் அலையலையாகக் கிடக்கும் வண்ணக் கம்பளியின் வடிவம், சில்லுகள் பதித்துச் செய்தது; அந்தக் கோடுகளில் அவருடைய பாடல்களின் பெயர்கள். 'எயா' எங்கே என்று தேடிக் கண்டுபிடித்து விரலால் தொட்டேன். சில்லுகள் வெயிலில் சூடாக இருந்தன.

நேற்று அந்தப் பாட்டை மறுபடி முழுவதுமாகக் கேட்டபோது, மார்ச் மாதம் இங்கே நான் எழுதிய முதல் குறிப்பில் பெரிய பிழை ஒன்று இருப்பது தெரிந்தது. மறுத்துவிட்டு அவள் போய்விடுகிறாள், அதற்குமேல் பாட்டில் அவளுக்கு வேலை இல்லை என்று எழுதியிருந்தேன். இரண்டாம் பகுதியில் அவள் அங்கேதான் இருக்கிறாள். அவளோடு அவன் அருந்துகிறான் என்று அதே மாதம் நானே எழுதியும் இதைக் கவனிக்கவில்லை. கண்ணீரோடு அவன் கோப்பையை உயர்த்துகிறான், இருவரும் சேர்ந்து அருந்துகிறார்கள். மரியாச்சிகள் வாசிப்பை நிறுத்துகிறார்கள். வலுவிழந்த அவன் கையிலிருந்து, அவன் அறியாமலே கோப்பை விழுகிறது. அவன் துயரத்தைக் கண்டதும் அவளுக்கு அங்கேயே இருந்துவிடத் தோன்றுகிறது. ஆனால் அன்றிரவு அவள் காதலை அவன் இழக்கவேண்டும் என்று எழுதியிருந்தது என்று பாட்டு முடிகிறது.

இந்த வரியை எனக்குத் தோன்யா ஒருமுறை விளக்கியிருக்கிறார். 'விதி என்று அவன் சொல்வதைக் கேட்காதே. அவள் இருக்க நினைத்தது இரக்கத்தால், அது அவனுக்குத் தெரிந்துவிட்டது' என்றார். அப்போது தலையாட்டிவிட்டு மறந்துவிட்டேன். 'ஓதியாமே'வில் வருகிறவன் இரக்கப்பட்டு வெறுக்கச் சொல்கிறான். இவனோ இரக்கம் தானாக வந்து நின்றபோது அதை ஏற்றுக்கொள்ளவில்லை. முதலில் கேட்ட நண்பரே, நீங்கள் தேடிய தன்மானம் இந்த இடத்தில் இருக்கிறது.

ஊர் திரும்புவதற்கு முதல் நாள், அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, 'நாளை விமான நிலையத்துக்கு நான் வரட்டுமா?' என்று கேட்டார். அவருக்கு மறுநாள் வேலை இருந்தது. என் முகம்தான் அவரைக் கேட்கவைத்தது. வேண்டாம் என்றேன். அதற்குச் சில வாரங்கள் முன்பு மெக்சிகோ நகரத்தின் கரிபால்தி சதுக்கத்தில், பணம் கொடுத்து ஒரு குழுவை இந்தப் பாட்டைப் பாடச் சொல்லியிருந்தேன். மரியாச்சிகள் நிறுத்தினார்கள் என்ற வரி வந்ததும் வயலின்களும் எக்காளங்களும் உண்மையாகவே நின்றுவிட்டன. பாடகர் இசையில்லாமல் அடுத்த வரிகளைச் சொன்னார். பக்கத்து மேசையில் பேசிக்கொண்டிருந்தவர்களும் அடங்கிவிட்டார்கள். அவளுக்கு இருந்துவிடத் தோன்றியது அந்த அமைதியில்தான் என்பது அன்று எனக்குப் புரியவில்லை.

25 நவம்பர் 2024

அவரோடு இப்போதும் பேசுகிறேனா என்று கேட்டவருக்கு: பிறந்தநாளுக்கு எழுதுவார். இறுதியில் அதே மூன்று சொற்கள் இருக்கும். இப்போது அவற்றைச் சரியாகப் படிக்கிறேன்.